ஆறு மணி லாரியும் பன்னிரண்டு மணிப் பட்டினியும்

நன்றாக இருக்கிற கோழியிடம் போய், உனக்குள் என்ன கிருமி இருக்கிறது என்று கேட்பதுதான் என் உத்தியோகம்.

சீக்கு வந்த கோழியைப் பார்க்க டாக்டர் வருவார். செத்த கோழியை எண்ண சூப்பர்வைசர் வருவார். நான் போவது கொழுகொழுவென்று இருக்கிற கோழியைத் தேடி. அதன் குடலுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சால்மோனெல்லா என்ற கிருமிதான் என் எதிராளி. கோழியை அது ஒன்றும் செய்யாது. சரியாக வேகாத கறியைத் தின்றவருக்குத்தான் வாந்தி, பேதி எல்லாம். அறுக்கிற இடத்தில் அதோடு மல்லுக்கட்டுவதைவிடப் பண்ணையிலேயே நிறுத்திவிடுவது சுலபம் என்று எங்கள் கம்பெனி முடிவு செய்தது. சுலபம் என்று முடிவு செய்தவர்கள் யாரும் பண்ணைப் பக்கம் வந்ததில்லை. வருகிறவள் நான்தான், மன்னார்குடியைச் சுற்றி, ஸ்கூட்டரில், முன்பக்கம் ஒரு ஐஸ் பெட்டியோடு. கரண்ட் ரீடிங் எடுப்பவர்கள், இன்சூரன்ஸ் பிடிப்பவர்கள், கணக்கெடுப்புக்கு அலையும் டீச்சர்கள் என்று அடுத்தவர் வாசலில் நின்று வேண்டாத கேள்வி கேட்டுப் பிழைக்கிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்குத்தான் இது புரியும்.

ஈரக் காலுறை

கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கோழியைத் தொடக்கூட வேண்டாம். பூட்ஸுக்கு மேல் துணிக் காலுறை ஒன்றை மாட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஷெட் முழுக்க நடக்க வேண்டும். தரையில் பரப்பியிருக்கும் உமியும் எச்சமும் காலுறையில் அப்பிக்கொள்ளும். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் முடிவு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி தெரியும். எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று கேட்டு, கூடவே வரக் கிளம்பியவர்கள் உண்டு.

அப்படிக் கூட வந்தவர்களில் ஒருவர் மலர்க்கொடி. அவரும் அவர் கணவர் கோவிந்தராசுவும் கல்யாணமான புதிதில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். பிறகு கொஞ்சம் நிலம் வாங்கி, அதன் ஓரத்தில் நாலாயிரம் கோழி பிடிக்கும் ஷெட் ஒன்று போட்டார்கள். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். இவர்கள் வளர்த்துத் தருவார்கள். வீட்டில் அடுப்பு எரிவதும் மகள் தஞ்சாவூரில் நர்சிங் படிப்பதும் அந்த ஷெட்டால்தான். முதல் முறை காலுறையில் கிருமி வந்தது. கோழி போன பிறகு, கறி வெட்டும் தொழிற்சாலையில் எடுத்த மாதிரியிலும் வந்தது. அடுத்த பேட்சிலும் இரண்டு இடத்திலும் அதே கதை. இந்த இரண்டில் ஏதாவது ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று பேட்ச் கிருமி வந்தால் அந்தப் பண்ணைக்குக் குஞ்சு இறக்குவதில்லை என்பது கம்பெனி விதி. இந்த விதியைச் சொல்லவும் கம்பெனிக்கு என்னை விட்டால் ஆளில்லை. இரண்டாவது ரிப்போர்ட்டை மலர்க்கொடி வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு ஷெட்டுக்குள் துள்ளிக்கொண்டிருந்த புதுக் குஞ்சுகளைப் பார்த்தார்.

"கோழி நல்லாத்தான் இருக்கு. தாள்லதான் நோவு இருக்கு. தாளுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா மேடம்?"

ஒரு நாள் உதவி

எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நீங்களும் நினைக்கலாம். நாகூரில் கறிக்கடை வைத்திருக்கும் ஜமால் பாயும் அப்படித்தான் நினைத்தார். எங்கள் கோழியை வாங்குகிறவர் அவர். நான் எப்போது போனாலும் டீ வாங்கிக் கொடுத்து, பிரியாணி கொதிக்கிற கொதியில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று கேட்பார். சரியான கேள்விதான். நன்றாக வெந்தால் செத்துத்தான் போகும். வேகாத வேறு எதிலாவது போய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று நானும் ஒவ்வொரு முறையும் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொல்வார்.

ஒரு மாதம் கழித்துப் போனால் கடையில் அவர் தம்பி உட்கார்ந்திருக்கிறார். பாய் மூன்று நாளாகப் படுக்கையில். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாதி உடம்பாக இருந்தார். படுத்தபடியே துப்பும் துலக்கியிருந்தார். பிரியாணி மட்டும் சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். தயிர் வெங்காயம் தொட்டுக்கொண்டவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள். விருந்தாளிகள் வந்துவிட்ட அவசரத்தில், கோழி வெட்டிய பலகையிலேயே, அதே கத்தியால், வெங்காயத்தை நறுக்கியவர் பாய்தான். அந்தக் கோழி எங்கள் பண்ணையிலிருந்து வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பிரியாணி மேல ஒரு குத்தமும் இல்ல மேடம். இருவது வருசத்துல ஒரே ஒரு நாள் சமையக்கட்டுல உதவி பண்ணேன். அதுக்குக் கெடச்ச கூலி இது."

கண்ணாடி போல் தண்ணீர்

இந்தத் துணுக்கில் முட்டாள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் வைத்திருப்போம். உள்ளே போகிறவர் அதில் காலை நனைத்துவிட்டுப் போக வேண்டும். பல பண்ணைகளில் அது குட்டை மாதிரி கலங்கிக் கிடக்கும். மலர்க்கொடி பண்ணையில் மட்டும் எப்போது போனாலும் கண்ணாடி போல் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் எனக்கு மனது குளிர்ந்துவிடும். இரண்டு பேட்சிலும் 'சுத்தம்: மிக நன்று' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற பண்ணைக்காரர்களிடம் போய் அங்கே பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உபதேசமும் செய்திருக்கிறேன்.

மூன்றாவது பேட்சுக்குக் குஞ்சு வந்த வாரம் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கோவிந்தராசு அப்போதுதான் வயலிலிருந்து வந்தார். முழங்கால் வரை சேறு. ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மருந்துத் தட்டில் கால் பட்டுவிடாமல் அகலமாக ஒரு எட்டு வைத்துத் தாண்டினார். சேற்றுக் காலோடு நேராகக் குஞ்சுகளுக்கு நடுவில் போய் நின்றார். தண்ணீர் ஏன் கண்ணாடி போல் இருந்தது என்று எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. அதில் யாரும் கால் வைத்ததே இல்லை. மருந்து போட்ட தண்ணீரை அழுக்காக்கக் கூடாது என்று கணவனும் மனைவியும் மூன்று மாதமாகப் பத்திரமாகத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். செருப்போடு தட்டில் மிதித்து உள்ளே போகச் சொன்னதற்குக் கோவிந்தராசு ஒரேயடியாக மறுத்தார். கடைசியில் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை அடித்தோம். வெளியே காலைக் கழுவிவிட்டு, பலகையில் உட்கார்ந்து, காலை மட்டும் உள்பக்கம் திருப்பி, ஷெட்டை விட்டு வெளியே வராத ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்று ஏற்பாடு. மண்ணையே மிதிக்காத பூட்ஸ் என்றால் அவருக்குச் சம்மதம். அதற்கும் முதல் நாள் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் போட்டார்.

"சாமி இருக்கிற எடத்துலயும் சோறு போடுற எடத்துலயும் செருப்புப் போட மாட்டோம் மேடம். நீங்க ஒழுங்கா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மொதல்லயே இதப் பண்ணியிருப்போம்ல?"

வாத்து வந்த வாரம்

தை அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் வாத்துக்காரர்கள் வருவார்கள். ஆயிரம், இரண்டாயிரம் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, நெல் அறுத்த அடித்தாள் நிற்கிற வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் வலையைச் சுற்றிக் கட்டி அங்கேயே கிடை போடுவார்கள். வயலுக்கு எரு கிடைக்கிறது என்று நிலத்துக்காரர்கள் கூப்பிட்டு இடம் கொடுப்பார்கள். கோவிந்தராசுவும் கூப்பிட்டிருந்தார். கிடை போட்ட இடத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை. வாத்தின் வயிற்றிலும் இதே கிருமி இருக்கலாம். ஈயும் எலியும் அதைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கம் வர வேலி தடுக்காது.

வாத்துக்காரர் முருகையன் பெரிய தொப்பியும் கையில் நீளக் கழியுமாக நின்றார். நான் கோபத்தோடுதான் போனேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அதை மறைக்கும் சாமர்த்தியம் வராது. வாத்தை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டுங்கள், இவற்றால் இந்த வீட்டுக்காரர்களுக்குக் குஞ்சே நின்றுபோகும் என்று சத்தம் போட்டேன். அவர் என்னை முழுக்கப் பேசவிட்டார். பிறகு வாத்துகளைக் கழியால் மெல்லத் திருப்பி, நான் சொன்ன பக்கம் இறக்கிவிட்டார். போகும்போது மட்டும் நின்றார்.

"என் வாத்து வருசத்துக்கு ஒரு வாரம் இங்க வருது. ஒங்க கோழி வருசம் பூரா இங்கயே இருக்கு. யாருகிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு பாத்துட்டா சொல்றீங்க?"

கூடுதல் பட்டினி

லாரியில் ஏற்றுவதற்கு ஆறு மணி நேரம் முன்பு கோழிக்குத் தீவனத்தை நிறுத்த வேண்டும். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். வயிறு நிறைந்த கோழியை அறுத்தால் குடல் கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் கறியில் கொட்டும். ஒரு கோழியின் குடல் கிழிந்தால், பின்னால் வரிசையில் வரும் நூறு கோழிக்கும் ஒட்டும். ஷெட்டில் தீவனத் தட்டுகள் எல்லாம் ஒரே கயிற்றில் தொங்கும். இழுத்துக் கட்டினால் கோழிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அவ்வளவுதான் வேலை.

பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பண்ணை வைத்திருக்கிறார். ஆறு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். அவர் முதல் நாள் காலையிலேயே தட்டைத் தூக்கிக் கட்டிவிட்டார். பசி தாங்காத கோழிகள் தரையில் கிடந்த உமியையும் எச்சத்தையும் கொத்தித் தின்று, கிருமியைத் தேடிப் போய் விழுங்கியிருந்தன. எந்தப் பண்ணையிலும் வராத மோசமான ரிப்போர்ட் அந்த உத்தமமான பண்ணையில் வந்தது. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் என்று அரை மணி நேரம் விளக்கினேன். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சொன்னதுக்கு மேல ஒரு பக்கம் எழுதினவனுக்கு நான் மார்க் கொறைச்சதே இல்ல மேடம். ஒங்க பள்ளிக்கூடம் எனக்குப் புதுசா இருக்கு."

தூக்கிக் கட்டிய தட்டு

மலர்க்கொடியின் மூன்றாவது பேட்ச் வளர்ந்து முடிந்தது. ஒரு வாரம் முன்னால் நான் எடுத்த காலுறையில் கிருமி இல்லை. லேபிலிருந்து போன் வந்தபோது சாலை ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இன்னும் பாக்கி இருந்தது தொழிற்சாலையில் எடுக்கும் மாதிரி ஒன்றுதான். அதுவும் சுத்தமாக வந்துவிட்டால் பண்ணை பிழைத்தது. லாரி சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். பன்னிரண்டு மணிக்குத் தட்டைத் தூக்கிவிடுங்கள் என்று நாலு முறை சொல்லியிருந்தேன்.

நாலரைக்குப் போனேன். தட்டெல்லாம் மேலே தொங்கியது. எதற்கும் பார்க்கலாம் என்று ஒரு கோழியை எடுத்துக் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவினேன். எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. இன்னொன்று. அதற்கு அடுத்தது. பத்துக் கோழியைத் தடவினேன். பத்தும் விருந்து சாப்பிட்ட கோழிகள். திரும்பிப் பார்த்தால் மலர்க்கொடி வாசலில் நிற்கிறார். பன்னிரண்டு மணிக்குத் தட்டைத் தூக்கியது உண்மைதான். மூன்றரைக்கு மறுபடி இறக்கி, இரண்டு மூட்டைத் தீவனம் போட்டுவிட்டு, நான் வருவதற்குள் தூக்கிக் கட்டியிருக்கிறார். போன இரண்டு பேட்சிலும் அதையேதான் செய்திருக்கிறார்.

நான் கத்தினேன். நான் என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. செருப்பையும் வாத்தையும் பிடித்துக்கொண்டு நாற்பது நாள் அலைந்த ஆத்திரம் முழுவதும் அதில் இருந்தது. குஞ்சு வராது, ஷெட் காலியாகத்தான் கிடக்கும், மகள் படிப்பு என்ன ஆகும் என்று, சொல்லக்கூடாததையும் சொன்னேன். அவர் அழவில்லை. எடை கூட்டக் கடைசி நேரத்தில் தீனி போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். இவர் அந்த ரகம் இல்லை என்பதும் தெரியும். பிறகு ஏன் என்று கேட்டேன்.

"நான் வெறும் வயித்தோட நடவுக்குப் போனவ மேடம். அந்த நட எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நாப்பது நாளு எங்கையால தின்னதுங்க, பசின்னு கத்துறப்ப உள்ள போயி ஒக்காந்து நான் எப்படிச் சாப்புடுவேன்?"

வாத்தியார் வீட்டு லாரி

போனை எடுத்தேன்.

லாரி வந்துவிட்டால் ஏற்றித்தான் ஆக வேண்டும். காலியாகத் திருப்பினால் அதுவே ஒரு குற்றப்பத்திரிகை. வேறு பண்ணையில் ஏற்றலாம் என்றால், அங்கே கோழிகள் மதியத்திலிருந்து பட்டினியாக இருக்க வேண்டும். அப்படி யார் இருப்பார்கள் என்று யோசித்தபோதுதான் வாத்தியார் நினைவுக்கு வந்தார். அவருக்கு லாரி மறுநாள் விடியற்காலைதான். தட்டை எப்போது தூக்கினீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, மதியம் பன்னிரண்டு மணிக்கே என்றார். அவ்வளவு விளக்கிய பிறகும் மனிதர் திருந்தவில்லை. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. ஆறு மணி லாரி அவர் வீட்டுக்கு, விடியற்காலை லாரி மலர்க்கொடிக்கு என்று லாரி அனுப்பும் கம்பெனி மேனேஜரிடம் மாற்றிக் கேட்டேன். லாரி நிறையுமா என்று மட்டும் மேனேஜர் கேட்டார். நிறையும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். காரணம் கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்; கேட்காதது என் அதிர்ஷ்டம். வாத்தியாரிடம் திரும்பவும் பேசி விவரம் சொன்னேன்.

"தட்டத் தூக்கினதுக்குத் திட்டப் போறீங்கன்னு நெனச்சேன். இப்ப நன்றி சொல்றீங்க. ரெண்டுல எத நான் நோட்டுல எழுதிக்கிறது?"

கடைசிச் சாப்பாடு

மலர்க்கொடியிடம் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பசித்த கோழி என்ன செய்யும், நிறைந்த கோழி என்ன செய்யும் என்று சொன்னேன். ஜமால் பாய் படுத்துக்கிடந்ததையும் சொன்னேன். அதற்கு மட்டும் முகம் மாறியது. நம்ம கோழியைத் தின்று ஒரு குழந்தை அப்படிப் படுத்தால் என்ன ஆகும் என்று அவரே கேட்டுக்கொண்டார். பிறகு இருவரும் உட்கார்ந்து நேரத்தை எண்ணினோம். லாரி விடியற்காலை ஐந்து மணிக்கு. இரவு பதினொரு மணி வரை தாராளமாகத் தீவனம் போடலாம். அதுவரை அவர் கையால் போடுவார். பதினொரு மணிக்குத் தட்டைத் தூக்கிக் கட்டுவது கோவிந்தராசு. அந்தச் சத்தம் கேட்காத இடத்துக்கு, அடுத்த தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது மலர்க்கொடி. வேறு எந்தப் பண்ணையிலும் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் எழுதிக் கொடுத்ததில்லை.

ஐந்து மணிக்கு நான் போனபோது தீனிப்பைகள் காலியாக இருந்தன. எல்லாம் லாரி ஏறிப் போய்விட்டன. தங்கை வீட்டிலிருந்து அவர் வரவே இல்லை.

நாலு நாள் கழித்துத் தொழிற்சாலை ரிப்போர்ட் வந்தது. கிருமி இல்லை. உடனே போன் செய்தேன். குஞ்சு நிற்காது, அடுத்த மாதம் இறக்குகிறோம், கவலையை விடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது என்று இரண்டு முறை சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சுத்தமாப் போச்சுங்கிறீங்க, நல்லது மேடம். பசியோடதானே போச்சு?"

கிருமிக்கு எங்களிடம் மருந்து, ஐஸ் பெட்டி, லேப் எல்லாம் இருக்கின்றன. இந்த மாதிரிக் கேள்வி வரும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.